தற்காலிகம் என்றால் எத்தனை நாள்?

பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகப் பணியாளராகவே இருக்கும் ஒருவரையாவது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மழைக்காலத்துக்கென்று போட்ட தற்காலிகப் பாலத்தில் பத்து மழைக்காலம் போய்வந்திருப்போம். அந்தச் சொல்லின் லட்சணம் தெரிந்தும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு டாக்டர் "இது தற்காலிகம்தான்" என்று சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறோம். அந்த இடத்தில் நின்றுகொண்டு நம்பாமல் இருப்பது யாராலும் ஆகாது.

நான் பேச வந்தது ஸ்டோமா பற்றி. கிரேக்க மொழியில் அதற்கு வாய் என்று பொருள். மலக்குடலில், ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே புற்றுக்கட்டி வந்தால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் சேர்த்து இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ஆறுவதற்குள் மலம் அதன் வழியே போய், அது கசிந்தால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு வளைவை வயிற்றின் வலது பக்கம் வெளியே இழுத்து, அங்கே ஒரு வாய் திறந்துவிடுகிறார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டப்படும். சாப்பிட்டதெல்லாம் பையில் வந்து விழ, கீழே இணைப்பு தொந்தரவில்லாமல் ஆறும். பிறகு இன்னொரு ஆபரேஷனில் அந்த வாயை மூடிக் குடலை உள்ளே அனுப்பிவிடுவார்கள். வார்டில் யாரும் ஸ்டோமா என்று சொல்வதில்லை. "பை வச்சிருக்காங்க." "பையை எப்போ எடுப்பாங்க?"

எப்போ எடுப்பாங்க என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வியும். பாதி தூரம் வரைக்கும் அது மருத்துவக் கேள்வி. அதற்கப்புறம் அது யாருடைய கேள்வி என்பதில்தான் எனக்குச் சிக்கல் இருக்கிறது.

முதல் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பை வைப்பது வீண் ஜாக்கிரதை கிடையாது. 2007இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில் 234 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பை வைத்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு இணைப்பு கசிந்தது, வைக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கு. இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, ஆசனவாய்க்கு அருகில் இணைப்பு போடும் எந்த சர்ஜனும் பையைத் தவிர்க்கத் தயங்குவார்.

எடுப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் வயிற்றுக்குள் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், அப்போது பிரிக்கப்போனால் கிழியும். அந்த ஒட்டல் இறுகுவதற்கு முன்பே, 8 முதல் 13 நாளுக்குள் மூடிவிட்டால் என்ன என்று டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் சோதித்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. சீக்கிரம் மூடியவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 1.2 சிக்கல்கள், பன்னிரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு 2.9. ஆனால் இணைப்பு கசியவில்லை என்று உறுதியானவர்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

நடுவில் கீமோ வந்து நிற்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தேவைப்பட்டால் அதை இரண்டு மாதத்துக்குள் தொடங்கிவிடப் பார்ப்பார்கள், தள்ளிப்போகப் போகப் பலன் குறையும். பையை முதலில் மூடப்போய், அதில் ஏதாவது சிக்கலானால் கீமோ தள்ளிப்போகும். "சின்ன ஆபரேஷன்தான்" என்பார்கள். ஆனால் 2009இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, மூடும் ஆபரேஷனிலும் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சிக்கல் வந்திருந்தது. ஆகவே பல இடங்களில் கீமோ முழுசாக முடிந்த பிறகுதான் மூடுகிறார்கள். மூன்று மாதம் என்று கேட்டுக்கொண்டு போனவர் எட்டு மாதம், பத்து மாதம் என்று இருப்பது இப்படித்தான்.

ரொம்பவும் தள்ளிப்போவதும் நல்லதல்ல. வேலையில்லாமல் கிடக்கும் கீழ்க்குடல் சோம்பிப்போகும், அதன் உட்சவ்வில் அழற்சி வரலாம், மூடிய பிறகு பழைய கட்டுப்பாடு திரும்புவது கடினமாகும். இன்னொரு உண்மையை வார்டில் அநேகமாக யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. தற்காலிகம் என்று வைத்த பைகளில் சுமார் ஐந்தில் ஒன்று கடைசிவரை எடுக்கப்படுவதே இல்லை. கசிவு, திரும்ப வந்த நோய், வயது, பலவீனம், சில சமயம் நோயாளியே வேண்டாம் என்பது என்று காரணங்கள் பல.

இனி இரண்டாம் பாதி. அதற்கு என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா வாலாஜாபாத்துக்காரர். காஞ்சிபுரம் போகும் வழியில் முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டைப் பக்கம் இன்னமும் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளில் ஒன்று அவருடையது. பட்டுத் தறி, குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்வது. நெய்த சேலையைச் சுருட்டும் கட்டை வயிற்றுக்கு நேராக வரும். நாடாவை வீசும் ஒவ்வொரு முறையும் உடம்பு முன்னால் சாயும். அந்த இடத்தில்தான் அவருக்குப் பை.

சென்னையில் ஆபரேஷன் முடிந்து வந்தபோது மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. "மூணு மாசம்" என்று சொல்லியிருந்தார்கள். சித்திரை வெயில் வேறு. சிறுகுடலில் இருந்து நேராக வெளியே வருவதால் பையில் விழுவது தண்ணீராகத்தான் இருக்கும், அதோடு உப்பும் போய்விடும். தாகமெடுத்து வெறும் தண்ணீராகக் குடித்தால் இன்னும் அதிகமாகப் போகும். உப்புப் போட்ட கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். என்று அத்தை அளந்து அளந்து கொடுத்தார். இரண்டு முறை உடம்பு வற்றிப்போய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. பை ஒரு நாளைக்கு ஐந்து முறையாவது நிறையும். ஒட்டு சரியாக இல்லாமல் கசிந்தால் தோல் வெந்துபோகும்.

அதற்கு நடுவில் மகளின் கல்யாணம் வைகாசியிலிருந்து ஆவணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மாமா டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கல்யாணத்துக்கு முன்னாடி இத்த மூடிடுங்க சார். பொண்ண தாரை வாக்கணும். பையோட எப்படி மணையில உக்கார்றது?"

கீமோவின் பாதி அப்போதுதான் முடிந்திருந்தது. முடியாது என்றார் டாக்டர். வீட்டில் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். "உசுரு முக்கியமா, மணை முக்கியமா?" இந்தக் கேள்விக்கு எதிராக யாரும் எதுவும் பேச முடியாது. அதுதான் அந்தக் கேள்வியில் உள்ள கோளாறும். பதிலை உள்ளே வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி அது.

டாக்டர் சொன்ன முடிவு சரி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். கீமோவை நடுவில் நிறுத்துவது ஒரு ஆளின் எதிர்காலத்தைப் பணயம் வைப்பது. ஆனால் சரியான முடிவு எடுக்கப்பட்ட விதம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆசுபத்திரி நடைபாதையில் மூன்று ஆண்களும் ஒரு டாக்டரும் நின்று பேசி முடித்துவிட்டு, கட்டிலில் இருந்தவரிடம் வந்து தகவல் சொன்னார்கள். மாமாவின் ஆசை தோற்பதற்கு முன்னால் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். ஒரு தகப்பன் மணையில் உட்காருவது மருத்துவத் தராசில் எடை குறைந்ததாக இருக்கலாம். ஆனால் எடையே இல்லாதது போல அதை ஒதுக்கிவைத்தது மருத்துவம் செய்த காரியமல்ல. அங்கே நின்ற மனிதர்கள் செய்த காரியம்.

மாமா பையோடுதான் மணையில் உட்கார்ந்தார். பட்டு வேட்டிக்குள் அகலமாக ஒரு துணிப் பட்டை, காலையிலிருந்து அவல் மட்டும் சாப்பாடு. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கோயிலுக்குப் போவதை மட்டும் அவரே நிறுத்திக்கொண்டார். வரக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. "அசுத்தத்த கட்டினு எப்படிடா உள்ள போறது" என்றார். உடம்பை நாற்றப் பை என்று பாடியவர்கள் நம் சித்தர்கள். அவர்கள் சொன்னது எல்லா உடம்பையும். நாம் மட்டும் அதைக் குறிப்பிட்ட சில உடம்புகளின் மேல் ஒட்டிவிடுகிறோம். கருவறைக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் அத்தனை பேரும் வயிற்றுக்குள் அதையேதான் சுமந்து நிற்கிறார்கள். மாமாவுடையது ஒரு சாண் வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடைக்காலம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. காத்திருப்பது காஞ்சிபுரத்துக்குப் புதிதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் நாற்பது வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வருகிறார். 1979இல் வந்தார், 2019இல் வந்து 48 நாள் இருந்தார், அடுத்து 2059. நாற்பது வருடம் நீண்ட காலம்தான், ஆனால் தேதி தெரியும். தேதி தெரிந்த காத்திருப்பில் மனிதர்கள் பிழைப்பைப் பார்ப்பார்கள், பிள்ளை பெறுவார்கள், பேரனிடம் "நீ பாப்பே" என்று சொல்லிவிட்டுச் செத்தும் போவார்கள். தேதி தெரியாத காத்திருப்பு வேறு மாதிரி. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போகும்போது ஆள் வாழ்க்கையை நிறுத்திவைத்துவிடுகிறார். மாமா ஆறு மாதம் தறியில் உட்காரவில்லை. வலி ஒரு காரணம். "எடுத்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்பது பெரிய காரணம். தற்காலிகம் என்ற சொல் ஆறுதலாகத் தொடங்கி, வாழாமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாக மாறிவிட்டிருந்தது.

பையோடு வாழலாம் என்ற எண்ணமே உலகத்தில் யாரோ பாடுபட்டு உண்டாக்கியதுதான். 1954இல் டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற நர்ஸ், ஸ்டோமா வைத்த தன் சகோதரி தோரா கசிவுக்குப் பயந்து வெளியே போகாமல் முடங்கிக் கிடப்பதைப் பார்த்து, தோலில் ஒட்டிக்கொள்ளும் பை ஒன்றை யோசித்தார். இன்று வயிற்றில் ஒட்டுகிற பைகள் அந்த யோசனையின் வாரிசுகள். அதே 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றால் இறந்தவர். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். ஒரே வருடம், இரண்டு ஊர்கள், இரண்டு சகோதரிகள். ஒருத்திக்கு நோயின் பெயரே தெரியாமல் போயிற்று. இன்னொருத்தி உயிர் பிழைத்து, வாசலைத் தாண்ட முடியாமல் இருந்தாள். நம் ஊரில் முதல் சகோதரியின் துயரத்துக்குப் பதில் தேடி எவ்வளவோ தூரம் வந்திருக்கிறோம். காஞ்சிபுரத்தைத் தாண்டி காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடக்கிறது. இரண்டாவது சகோதரியின் துயரத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. உயிரைக் காப்பாற்றியாயிற்று, அப்புறம் என்ன?

கீமோ முடிந்தது. ஸ்கேன் சுத்தம். ஆசனவாய் வழியே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, இணைப்பு கசியவில்லை என்று பார்த்தாயிற்று. "வாங்க, மூடிடலாம்" என்றார் டாக்டர். வீடே சந்தோஷப்பட்டது. மாமா மட்டும் "கொஞ்சம் பொறுங்க" என்றார்.

காரணம், மூடிய பிறகு என்ன ஆகும் என்பதை அப்போதுதான் அவருக்கு முதல்முறையாக ஒருவர் விளக்கியிருந்தார். மலக்குடல் ஒரு சேமிப்புக் கிடங்கு. அதை வெட்டியெடுத்த பிறகு தேக்கிவைக்க இடமில்லை. ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை போக வேண்டிவரலாம். ஒருமுறை போய் வந்த கால்மணி நேரத்தில் மறுபடி வரலாம். வந்தால் அடக்க முடியாமல் போகலாம். இந்தத் தொல்லைகளின் தொகுப்புக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, 2012இல் அதை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலையும் உண்டாக்கினார்கள். பலருக்கு ஓரிரு வருடத்தில் குறையும். சிலருக்கு, குறிப்பாகக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும் இணைப்பு ரொம்பக் கீழே இருப்பவர்களுக்கும், குறையாமலே போகலாம்.

மாமா தறிக்காரர். குழியிலிருந்து ஏறி வருவதற்கே நேரம் ஆகும். "பத்து தடவ எழுந்து ஓடினா நான் எப்ப நெய்யறது? பை நெறஞ்சா எனக்குத் தெரியும், போய் ஊத்திட்டு வந்துடறேன். இப்ப இதான் எனக்கு சொன்ன பேச்ச கேக்குது."

வீட்டில் பெரிய சண்டை. "ஊர்ல எல்லாரும் எப்படா எடுப்பாங்கன்னு கெடக்கறாங்க, இவருக்கு இன்னா?" என்றார் பெரிய மாமா. அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. பழகிப்போனதை விருப்பம் என்று நினைத்துக்கொள்வது மனித இயல்பு. ஓட்டை வீட்டிலேயே இருந்தவன் மழை பிடிக்கும் என்பான். இன்னொரு ஆபரேஷன் என்ற பயம், கூலி போய்விடும் என்ற கவலை, சென்னைக்கு அலைந்த அலுப்பு இதெல்லாம் சேர்ந்து "இப்படியே இருக்கட்டும்" என்ற வாக்கியமாக வெளியே வரலாம். ஒருவர் வேண்டாம் என்று சொல்வதை மதிப்பது என்பது அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவதல்ல.

நான் செய்தது இதுதான். ஒரு மத்தியானம் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். செலவுக்கு யாராவது பணம் கொடுத்தால் மூடுவீங்களா? மயக்க மருந்து இல்லாமலே மூட முடியும்னா? ஆறு மாசம் தறிக்குப் போக வேண்டாம், கூலி வரும்னா? பணத்துக்கும் மயக்க மருந்துக்கும் அவர் பதில் மாறவில்லை. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா மூடிக்கலாம். ஆனா தறியில ஒரு பாவு பாதியில நிக்குது. அத முடிச்சுட்டுத்தான்."

அந்தப் பதிலில் பயம் எவ்வளவு, விருப்பம் எவ்வளவு என்பது தெளிவாகிவிட்டது. டாக்டரிடம் போய் இரண்டு மாதம் கேட்டோம். அவர் தாராளமாகச் சரி என்றார். அந்தக் கட்டத்தில் இரண்டு மாதத்தால் பெரிதாக எதுவும் கெடப்போவதில்லை. யாரும் அதுவரை கேட்கவில்லை என்பதால் அவரும் அதுவரை சொல்லவில்லை. பாவு முடிந்தது, பை மூடப்பட்டது. முதல் மூன்று மாதம் சொன்னபடியே கஷ்டம். தறிக் கொட்டகையை ஒட்டி ஒரு கக்கூஸ் கட்டினார்கள். ஒரு வருடம் கழித்து நாளைக்கு நாலு முறை என்று வந்து நின்றது.

மூடியது சரியா, மூடாமல் இருந்திருக்கலாமா என்று என்னைக் கேட்டால், இரண்டில் எதைச் செய்திருந்தாலும் சரியாக இருந்திருக்கும் என்பேன். அந்த டென்மார்க், ஸ்வீடன் ஆய்வில் சீக்கிரம் மூடியவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்தன என்று சொன்னேன். அதே நோயாளிகளிடம் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்டபோது, சீக்கிரம் மூடியவர்களுக்கும் தாமதமாக மூடியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலில் படித்தபோது எனக்கு அது விசித்திரமாக இருந்தது. மாமாவைப் பார்த்த பிறகு விசித்திரமாக இல்லை. மூடுவது பழைய உடம்பைத் திருப்பித் தருவதில்லை. ஒரு சிரமத்தை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுக்கிறது. எந்தச் சிரமத்தோடு தன்னால் குடித்தனம் நடத்த முடியும் என்பது அதைச் சுமக்கிறவருக்குத்தான் தெரியும்.

ஆகவே நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது. மூடுவதற்குச் சரியான நாள் என்று ஒன்றை மருத்துவத்தால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முடிவது ஒரு கால இடைவெளியைக் காட்டுவது: இதற்கு முன்னால் ஆபத்து, இதற்குப் பின்னால் நஷ்டம். அந்த எல்லைகளைப் போடும் உரிமை டாக்டருடையது, அதில் கல்யாணமும் பாவும் தலையிட முடியாது. எல்லைகளுக்கு உள்ளே இருக்கும் நாட்கள் நோயாளியின் சொத்து. அங்கே கல்யாணம், பாவு, அறுவடை, பிள்ளையின் பரீட்சை எல்லாமே முழு எடையுள்ள காரணங்கள். எல்லாவற்றையும் மருத்துவக் காரணம் என்ற ஒரே பேரேட்டில் எழுதி, அந்தச் சொத்தை நாம் பறித்துக்கொள்கிறோம்.

இந்த உரிமை சும்மா பேச்சாக நின்றுவிடவும் கூடாது. மாதாமாதம் பை வாங்கக் காசில்லாதவரிடம் "உங்க விருப்பம்" என்று சொல்வது கிண்டல். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வராத கழிப்பறையை வைத்துக்கொண்டு பையோடு வாழலாம் என்று தைரியம் சொல்வதும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்ல வசதி இருப்பவர் சொல்லும் சரி என்பதற்குத்தான் மதிப்பு.

தற்காலிகம் என்ற சொல்லை என்ன செய்வது? முழு உண்மையையும் சொன்னால் பயந்துபோய் பையே வேண்டாம் என்றுவிடுவார்கள், இணைப்பு கசிந்து செத்துப்போவார்கள் என்று ஒரு டாக்டர் வாதிடலாம். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் பை எதற்கு என்று விளக்கிப் புரியவைக்கத் தெரிந்தவருக்கு, அது எத்தனை நாள் என்பதையும் விளக்கத் தெரியும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பேனாவால் வயிற்றில் இடம் குறிப்பார்கள். நோயாளியை உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, வேட்டியோ புடவையோ எங்கே கட்டுகிறார் என்று பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது முறை. அதற்கு ஐந்து நிமிடம் ஆகிறதென்றால், இன்னொரு ஐந்து நிமிடத்தில் இதையும் சொல்லிவிடலாம்: "மூட முயற்சி பண்ணுவோம். பெரும்பாலானவங்களுக்கு மூடறோம், சிலருக்கு முடியாமப் போகுது. மூடினாலும் பழையபடி இருக்காது, வேற மாதிரி இருக்கும். அதுவரைக்கும் உங்க வேலையப் பாருங்க. நேரம் வரும்போது எப்போன்னு உங்களக் கேப்போம்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். தேதி தெரியாத காத்திருப்பில் ஒருவர் மற்ற எதையும் இழந்தாலும், அந்தத் தேதியைக் குறிப்பதில் தனக்கும் ஒரு கை உண்டு என்று தெரிந்தால் எழுந்து தறியில் உட்கார்ந்துவிடுவார். எப்போது என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒருமுறையாவது நாம் அவரைக் கேட்க வேண்டும்.